யார் பெற்ற பிள்ளையோ

போன் வந்தபோது மெக்கானிக் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் குந்தியிருந்தார். கம்பிக் கயிறு ஒன்றில் இழை விட்டிருந்தது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷத் தொழில். "வாழ்க்கையில நான் பாக்காத ஏத்த இறக்கமா?" என்று ஒரு காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார். ஏழு வருஷமாக அந்த வேடிக்கையைச் சொல்வதில்லை.

பேசியது ஒரு பெண். ஹோட்டல் குண்டுவெடிப்பு வழக்கைப் பார்க்கிற விசாரணை அதிகாரி. போன வருஷம் அவரிடமும் அவர் மனைவியிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனது அந்த அம்மாவின் ஆட்கள்தான்.

"ஐயா, ஆபீஸ் வரைக்கும் கொஞ்சம் வர முடியுமா? இன்னைக்கே வந்தா நல்லது."

"என்ன விஷயம் மேடம்?"

"நேர்ல சொல்றேன். நீங்க மட்டும் வாங்க. அம்மாவை அப்புறமா கூட்டிட்டு வரலாம்."

'நீங்க மட்டும்' என்றதும் டார்ச்சை அணைத்தார். கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரியின் அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்தும் படியேறித்தான் போனார். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அந்த அம்மா கோப்பைத் திறக்காமல் அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு பேசினாள்.

"கேஸ் மேல் கோர்ட்டுக்குப் போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அங்க, இறந்தவங்க எல்லாரோட மாதிரியையும் புதுசா ஒரு தடவை சோதிக்கச் சொன்னாங்க. அப்போ உடம்புல இருந்து எடுத்து வச்சது இருந்துச்சு. அதை உங்க ரத்தத்தோட ஒத்துப் பாத்தோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "முப்பத்தோராம் நம்பர். நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போன உடம்பு. அது உங்க பொண்ணு இல்லைங்கய்யா."

மெக்கானிக் தம்ளரில் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகள். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக இருந்ததால் 'பட்டாணி' என்று அவர்தான் கூப்பிட ஆரம்பித்தார். பட்டாணி பதினாறு வயதில் அப்பனைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். "பேரு வச்ச நேரம் சரியில்ல, அண்ணாந்து பாத்துத் திட்ட வேண்டியிருக்கு" என்பார். அவளுக்கு வாய் ஓயாது. பேசிப் பேசியே ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை வாங்கினாள். அந்த வேலையில் இரண்டாவது வருஷம், காலை பத்து மணிக்கு, தங்கியவர்கள் அறையைக் காலி செய்கிற நேரத்தில், யாரோ கொண்டுவந்து வைத்த பை வெடித்தது. நான்கு நிமிஷம் கழித்து, ஓடி வந்து தூக்கியவர்கள் நடுவில், இன்னொன்று. செத்தவர்கள் நாற்பத்திமூன்று பேர். பதினோரு நாட்டுக்காரர்கள்.

"அப்ப என் பொண்ணு எங்க மேடம்?"

"பத்தொன்பதாம் நம்பர்." இப்போதுதான் கோப்பைத் திறந்தாள். "அங்க தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பொண்ணுன்னு நெனச்சு அவங்க நாட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஏறக்குறைய ஒரே உயரம். முப்பத்தொண்ணு உங்க பொண்ணுன்னு முடிவானதும், மிச்சம் இருந்தது அந்தப் பொண்ணாத்தான் இருக்கணும்னு கணக்குப் போட்டுட்டாங்க."

"அவங்க என்ன பண்ணாங்க?"

"எரிச்சு, சாம்பலைக் கடல்ல கரைச்சிட்டாங்க."

அவர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஹோட்டல் கோட் இருந்துச்சே" என்றார். "பேர் போட்ட பட்டை குத்தியிருந்துச்சே."

அதிகாரி ஒரு தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். தீயணைப்புக்காரர் ஒருவர் அன்றைக்கே கைப்பட எழுதிக் கொடுத்தது. அதில் ஒரு வரியின் கீழ் புதிதாகப் பென்சில் கோடு போட்டிருந்தது. கோட் உடம்பில் அணிந்திருக்கவில்லை, மேலே போர்த்தியிருந்தது, என்று இருந்தது.

"முதல் வெடியில அந்தப் பொண்ணுக்கு அடிபட்டிருக்கு. உங்க பொண்ணுக்கு அப்போ ஒண்ணும் ஆகல போல. கோட்டைக் கழட்டிப் போத்திவிட்டிருக்காங்க. ரெண்டாவது வெடியிலதான்..." அவள் முடிக்கவில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று கோப்பில் எங்கும் இல்லை. அது மெக்கானிக்குக்கு மட்டும் தெரியும். அன்றைக்குப் பிணவறை வாசலில் மனைவி உள்ளே வருகிறேன் என்று நின்றாள். "நீ பாக்க வேணாம், நான் பாத்துட்டு வர்றேன்" என்று அவர்தான் தடுத்தார். உள்ளே போனதும் ஊழியர் முதலில் கோட்டைக் காட்டினார். பேர்ப் பட்டையைக் காட்டினார். "துணியை விலக்கட்டுமா?" என்று கேட்டார். மெக்கானிக் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். இழை விட்ட கயிற்றை நூறு தடவை தடவிப் பார்க்கிற மனுஷன் அன்றைக்கு ஒரு தடவை பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கீழே, தெருவைப் பார்த்த அறையில், அவர் மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர்களின் காகிதங்களோடு புழங்குகிறவள். பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அவள் கண்ணாடியில் குப்புறப் படுத்துத்தான் எழுந்திருக்கும். எதிரே நிற்பவர் கையில் இருப்பதைத் தலைகீழாகப் படித்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் அதிகாரி கொடுத்தனுப்பிய வழக்குக் காகிதங்களை ஒளிப்பது பூனைக்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி. ஆனாலும் மூன்று நாள் ஒளித்தார். சட்டைப் பையில், டூல் பெட்டியில், கடைசியாக லிஃப்ட் மோட்டார் அறையில்.

நான்காவது நாள் ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது வழக்கம். அவள் வாளியில் தண்ணீர் பிடித்துவந்து கல்லைக் கழுவுவாள். பிறகு ஓரத்தில் உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையை ஒன்று விடாமல் சொல்வாள். கடையில் யார் சண்டை போட்டார்கள், எந்த வீட்டில் யாருக்கு என்ன, அப்பா எத்தனை தடவை மருந்து சாப்பிட மறந்தார். மெக்கானிக் தள்ளி நின்று புல் பிடுங்குவார்.

அன்றைக்கு அவள் வாளியோடு குனிந்தபோது அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கழுவாத" என்றார்.

"ஏன்?"

"உள்ள இருக்கறது நம்ம பட்டாணி இல்ல."

அவள் நிமிர்ந்தாள். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்ப்பது போலப் பார்த்தாள். அவர் சொன்னார். ரத்தம், முப்பத்தொன்று, பத்தொன்பது, கடல், எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் கொட்டினார். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க பாத்தீங்களா, இல்லையா?"

பொய் சொல்ல வாய் வந்தது. கோட்டின் மேல் பழியைப் போடலாம், ஊழியர் மேல் போடலாம். "பாக்கல" என்றார்.

"முகத்தை?"

"எதையுமே பாக்கல."

"கால் விரலைப் பாத்திருந்தாக்கூடப் போதுமே. ரெண்டாவது விரல் பெருவிரலை விட நீளமா இருக்கும், என்ன மாதிரியே. நான் வர்றேன் வர்றேன்னு வாசல்ல கெஞ்சினேனே."

வாளித் தண்ணீரை அவள் பக்கத்துக் கல்லறையின் செடிக்கு ஊற்றிவிட்டு நடந்தாள். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு பன்னிரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், துணி துவைத்தாள், மருந்தை எடுத்து மேசையில் வைத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளில் வழக்குக் காகிதம் முழுவதையும் கடையில் பிரதி எடுத்து, ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள். பதின்மூன்றாம் நாள் காலை, அவர் செருப்பு மாட்டும்போது, கடை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்:

"எத்தனை ஸ்வெட்டர் தொலைச்சிருப்பா அவ! பள்ளிக்கூடத்துல எவளுக்காவது குளிருதுன்னா கழட்டிக் குடுத்துட்டு வந்து நிப்பா. எத்தனை அடி அடிச்சிருக்கேன். திருந்தினாளா? அந்தக் கோட்டைக் குடுக்காம இருந்திருந்தா எனக்குன்னு ஒரு பிடி மண்ணாவது மிஞ்சியிருக்கும்."

சொல்லிவிட்டு மெஷினைப் போட்டாள். அதன் சத்தத்தில் அழுதாள். உள்ளே போகலாமா வேண்டாமா என்று அவர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

அந்த வெளிநாட்டுப் பெண்ணின் அம்மா அடுத்த மாதம் வந்தாள். நினைவு நாளுக்கு ஒவ்வொரு வருஷமும் பதினோரு நாட்டிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள், அரசாங்கமே அழைக்கும். அவள் இதுவரை வந்ததில்லை. மகள் தன் கடலில் இருக்கும்போது எதற்கு இங்கே வர வேண்டும் என்று இருந்துவிட்டாளாம். இப்போது மகளைக் கூட்டிப்போக வந்தாள்.

மெலிந்த, உயரமான பெண். வயது அறுபதுக்கு மேல். முப்பது வருஷம் தபால் கொடுத்தவள். வேகமாக நடக்கிறவள் என்பது படியேறி வந்ததிலேயே தெரிந்தது. கூடவே மொழிபெயர்க்க ஓய்வுபெற்ற மொழி ஆசிரியை ஒருவரை அனுப்பியிருந்தார்கள்.

முன்னறையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். தபால்காரி நெடுநேரம் பேசினாள். டீச்சர், "நடந்ததுக்கு வருத்தம் தெரிவிக்கறாங்க, உங்க கஷ்டம் புரியுதுன்னு சொல்றாங்க" என்றார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க" என்றாள் மனைவி. "அவங்க அஞ்சு நிமிஷம் பேசினாங்க. நீங்க ஒரு வாயில முடிச்சிட்டீங்க. சுருக்காதீங்க. கல்லோ மண்ணோ, அப்படியே போடுங்க."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். "அவங்க சொல்றாங்க. பெட்டி வந்தப்போ தொறக்க வேணாம்னு சொல்லிட்டாங்களாம். ஆனா இவங்க தொறந்து உள்ள கையை விட்டு, துணிக்கு மேலயே தொட்டாங்களாம். ராத்திரி முழுக்கப் பெட்டிமேல தலை வச்சுப் படுத்திருந்தாங்களாம். சின்ன வயசுல பாடற பாட்டெல்லாம் பாடினாங்களாம். அதெல்லாம் உங்க பொண்ணுக்குத்தான் பாடியிருக்கேன், அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்னு சொல்றாங்க."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "கடல்ல எப்படிக் கரைச்சாங்கன்னு கேளுங்க. யாரு கையில இருந்துச்சு? அன்னைக்கு வெயிலா, மழையா?"

படகில் போனார்களாம். தபால்காரியின் புருஷன்தான் மடியில் வைத்திருந்தாராம். காற்று பலமாக அடித்ததாம். அவர்கள் மகள் மீனைப் போல நீந்துவாளாம், அதனால்தான் கடலாம்.

"எங்க பட்டாணிக்குத் தண்ணின்னாலே பயம்" என்றாள் மனைவி. "முழங்காலுக்கு மேல இறங்க மாட்டா."

டீச்சர் தயங்கினார். மெக்கானிக், "அதைச் சொல்ல வேணாம் டீச்சர்" என்றார்.

"சொல்லுங்க" என்றாள் மனைவி.

டீச்சர் சொன்னார். தபால்காரியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த மொழியிலும் அதற்கு ஒரு வார்த்தை இல்லை போலிருக்கிறது. பிறகு வேறு எதையோ பேசினாள்.

"அவங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் முன்னாடி போயிட்டாராம். அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் கடற்கரைக்குப் போயிடுவாராம். அங்க ஒரு பெஞ்சாம். மகள்கிட்ட பேசிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போவாராம். 'அஞ்சு வருஷம் உங்க பொண்ணு அந்தக் கெழவனோட பொலம்பலைக் கேட்டிருக்கா. அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்'னு சொல்றாங்க."

"என் பேச்சை உங்க பொண்ணு ஏழு வருஷம் கேட்டிருக்கா" என்றாள் மனைவி. "எங்க தெருவுல இருக்கற அத்தனை வண்டவாளமும் அவளுக்குத் தெரியும். யார் பெத்த பிள்ளையோ, ஒரு நாள்கூட எழுந்திரிச்சுப் போன்னு சொல்லல."

டீச்சர் அதைச் சொல்லி முடிப்பதற்குள், தபால்காரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து தரையில், மனைவியின் காலடியில் உட்கார்ந்தாள். மெக்கானிக் மெல்ல எழுந்து படியிறங்கிக் கடைக்குப் போனார். இரண்டு தாய்மாருக்கும் இடையில் இருக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. ஆனால் தபால்காரி போகும்போது கடை வாசலில் நின்று அவரைப் பார்த்து டீச்சர் வழியாகக் கேட்டாள்: அன்றைக்குப் பிணவறையில் தன் மகளைப் பார்த்தது அவர்தானா, எப்படி இருந்தாள்?

ஆறு வார்த்தையில் பதில் சொன்னார். "நான் பாக்கலம்மா. பயந்துட்டேன். அதனாலதான் எல்லாம் மாறிப்போச்சு."

தபால்காரி அவரை வெகுநேரம் பார்த்தாள். மன்னிப்பதாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தலையை ஒரு தடவை அசைத்துவிட்டுத் தெருவில் இறங்கி, தபால்காரியின் வேகத்தில் நடந்துபோனாள். டீச்சர் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

நினைவு நாளுக்கு முந்தின நாள் விழாப் பொறுப்பாளர் வந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. இரண்டு அம்மாக்களும் சேர்ந்து மலர் வளையம் வைத்தால் உலகமே பார்க்கும் என்றார். மேடைக்குப் பின்னால் கட்டப்போகிற பேனரின் மாதிரியையும் பிரித்துக் காட்டினார். 'பதினோரு நாடுகள், ஒரே கண்ணீர்' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

அன்றைக்குத் தபால்காரியும் டீச்சரும் வீட்டில் இருந்தார்கள். மனைவி அந்தப் பேனரை நிதானமாகப் படித்தாள்.

"கண்ணீர் ஒண்ணுதான் சார்" என்றாள். "பொணந்தான் மாறிப்போச்சு. அதையும் சேத்து எழுதுங்க, வர்றோம்."

டீச்சர் இதை மொழிபெயர்க்கலாமா என்று மெக்கானிக்கைப் பார்த்தார். தபால்காரி விடவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டதும் சட்டென்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். கத்தி பட்டது போன்ற சிரிப்பு. மனைவிக்கும் அது தொற்றிக்கொண்டது. பொறுப்பாளர் பேனரைச் சுருட்டிக்கொண்டு, அவர்களைப் பார்க்காமல் படியிறங்கினார்.

விழாவுக்குப் போனார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்னால் கொடிகள், காமிரா, மேடைப் பேச்சு. அதெல்லாம் முடிந்து பேர்களை வாசித்தார்கள். முந்தைய வருஷங்களில் மெக்கானிக் பட்டாணியின் பேர் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார், வந்ததும் மற்றது காதில் விழாது. இந்தத் தடவை தபால்காரி மகளின் பேருக்காகவும் காத்திருந்ததால் நாற்பத்திமூன்றையும் கேட்டார். வாசித்தவருக்கு வெளிநாட்டுப் பேர்கள் வாயில் நுழையவில்லை. ஒரு பேரை வாசித்தபோது முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து நின்று, அது அப்படி இல்லை என்று கையை ஆட்டி, சரியாக ஒரு தடவை உரக்கச் சொன்னார். யாரும் தடுக்கவில்லை. உடனே வேறொரு வரிசையில் இன்னொருத்தி எழுந்து தன் தம்பியின் பேரைத் திருத்தினாள். அடுத்து இன்னொருவர். அதன் பிறகு வாசிப்பவர் ஒவ்வொரு வெளிநாட்டுப் பேருக்கும் நிறுத்தி, சபையைப் பார்த்தார். அந்தந்த வீட்டார் சொல்ல, அவர் திரும்பச் சொன்னார். சில பேர்களுக்கு யாரும் வந்திருக்கவில்லை. அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் முனகலாக முயன்று பார்த்தார்கள். மேடையில் இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அரை மணியில் முடிய வேண்டியது ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று.

தோண்டுவதற்கு அடுத்த நாள் காலை ஏழு மணி என்று குறித்திருந்தார்கள். அதிகாரி, சுகாதார ஆய்வாளர், மண்வெட்டியோடு இரண்டு பேர். நான்கு பக்கமும் துணி கட்டி மறைத்திருந்தார்கள். குடும்பத்தார் வெளியே பெஞ்சில் இருக்கலாம் என்றார் ஆய்வாளர். தபால்காரி அவரைக் கடந்து உள்ளே போனாள். துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டு, மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினாள். மனைவி போனாள்.

மெக்கானிக் வெளியே நின்றார். மண்வெட்டி கல்லில் படும் சத்தம் கேட்டது. பிறகு மரத்தில் படும் சத்தம். அவர் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பலகை இற்றுப் போயிருந்தது. கையுறை போட்டவர்கள் துண்டு துண்டாக எடுத்து ஓரமாக வைத்தார்கள். அவர் பார்த்தார். எலும்பு, மண், கொஞ்சம் தலைமுடி. அவற்றின்மேல் ஒரு நீலச் சால்வை, சாயம் போய், ஆனால் முழுசாக. பட்டாணியின் சால்வை. அடக்கம் செய்த அன்று மனைவி வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து, வெளியிலிருந்தே கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னது.

தபால்காரிக்கு அது தன் மகளுடையது இல்லை என்று தெரியும். அதைச் சுட்டிக்காட்டி, எடுத்துக் கொடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டாள்.

"வேணாம்" என்றாள் மனைவி. தலையையும் கையையும் ஆட்டினாள். "அவளோடயே போகட்டும். ஏழு வருஷம் போத்தியிருக்கா."

இதற்கு டீச்சர் தேவைப்படவில்லை.

புதுப் பெட்டியை மூடி, அரக்கு வைத்து, வண்டியில் ஏற்றினார்கள். அதிகாரி காட்டிய இடத்தில் தபால்காரி கையெழுத்துப் போட்டாள். மெக்கானிக்கும் ஒரு தாளில் போட வேண்டியிருந்தது. முழுத் தாளையும் இரண்டு தடவை படித்துவிட்டுப் போட்டார்.

வண்டி போன பிறகு தோட்டக் காவலர் வந்தார். "குழியை மூடிடலாமாங்க? அப்புறம் அந்தக் கல்லை எடுத்துடணும். உள்ள ஆள் இல்லாம கல் வைக்க ரூல் இல்ல."

"ஏழு வருஷமா உள்ள வேற ஆள் இருந்தப்போ உங்க ரூல் எங்க போச்சு?" என்றாள் மனைவி. "குழியை மூடுங்க. கல் நிக்கட்டும். யாராவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க."

காவலர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கல் நின்றது. ஆனால் மனைவி அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகவில்லை. போய் யாரிடம் பேசுவது? ஞாயிறும் கடை திறந்து வைத்தாள். வருகிறவர்கள் இறப்புச் சான்றிதழ் கொடுத்தால், பேரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மெஷினில் வைத்தாள். அவசரப்பட்டவர்கள் முணுமுணுத்தார்கள்.

தபால்காரி மாதம் ஒரு கடிதம் எழுதினாள். தொழில் புத்தி, போன் எல்லாம் அவளுக்கு ஒத்துவராது. டீச்சர் வந்து வாசித்துச் சொல்வார். மகளைப் புருஷனுக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டாளாம். தினமும் சாயங்காலம் இப்போது அவள்தான் கடற்கரைக்குப் போகிறாளாம். 'உங்கள் மகளைத் தனியாக விட மனம் வரவில்லை' என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அதற்கு அடுத்த கடிதத்தில், நீங்கள் வர வேண்டும் என்று இருந்தது.

எட்டு மாதம் கழித்துப் போனார்கள். வாழ்நாளில் முதல் விமானம். மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பட்டாணியும் இந்த வழியாகத்தான் போயிருப்பாள் என்று ஒரு தடவை சொன்னாள்.

எப்படியெல்லாமோ கற்பனை செய்திருந்தார்கள். அது வெறும் கடலாக இருந்தது. சாம்பல் நிறத் தண்ணீர், கூழாங்கல் கரை, தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல். ஒரு ஆள் நாயை நடத்திக்கொண்டு போனான். தபால்காரி கையை நீட்டி, அதோ, அந்தப் பக்கம், என்று காட்டினாள். பிறகு கொஞ்சம் வலது பக்கமாக மாற்றிக் காட்டினாள். அவளுக்கே நிச்சயமில்லை. கடலில் என்ன அடையாளம் வைக்க முடியும்?

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் வரைக்கும் போனாள். கணுக்கால் நனைந்தது. அதற்கு மேல் போகவில்லை. ஏதோ சொன்னாள், காற்றில் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது, "ரொம்பக் குளிருது" என்று மட்டும் சொன்னாள்.

தபால்காரி அவளைப் பெஞ்சுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். பையைத் திறந்து, துண்டை எடுத்து, அவள் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் துடைத்தாள். இரண்டாவது விரல் பெருவிரலை விட நீளமாக இருந்ததைப் பார்த்ததும் பெட்டிக்குள் துணிக்கு மேல் தொட்டது ஞாபகம் வந்ததோ என்னவோ, ஒரு நிமிஷம் கை நின்றது. மனைவி தன் மொழியில் பேச ஆரம்பித்தாள். அந்த வாரத்துக் கதை, தெருவின் கதை, விமானத்தில் காது அடைத்த கதை. தபால்காரிக்கு ஒரு வார்த்தை புரியாது. கடலைப் பார்த்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் பத்தடி தள்ளி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி மன்னித்துவிட்டாளா என்று அவர் கேட்டதில்லை, கேட்கப் போவதுமில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. அவள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"நனைஞ்சுக்கிட்டு ஏன் நிக்கறீங்க? பட்டாணிகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாமா?"

அவர் போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். தபால்காரியின் குடை மூன்று பேருக்குப் போதவில்லை. மழை வலுத்துக் கப்பல் மறைகிற வரை அவர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மனைவி அவசரப்படுத்தவில்லை.